கப்பலுக்குச் சுத்தம், கசண்டு நமக்கா?

சென்ற மாதச் செயற்குழுக் கூட்டத்தில், இந்த இதழுக்கு எதைப் பற்றி எழுதப் போகிறோம் என்று சொன்னதுமே மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். “ரேஷன் கார்டுக்கு ஜனங்கள் நாயாக அலைகிறார்கள். தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் இல்லை. குடிசை மாற்றுத் திட்டத்தில் பாதிப் பேருக்கு வீடு கிடையாது என்கிறான். இதையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலுக்கு என்ன எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று எழுதப் போகிறீர்களாக்கும்! நம்மில் எவனய்யா கப்பல் வைத்திருக்கிறான்?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நாமும் சேர்ந்துதான் சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகு நாம் சொன்ன பதிலை இங்கே விரித்து எழுதுகிறோம். கப்பல் நம்மிடம் இல்லை, மெய்தான். ஆனால் கப்பலுக்கு எண்ணெய் காய்ச்சும் ஆலைகள் நம் கூரைகளுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றின் கேட்டில் காலை ஏழு மணிக்குத் தற்காலிகப் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்பவர்களில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த எண்ணெய் கடலில் கொட்டினால் வாளியோடு இறங்குகிறவன் நம் ஊர்க்காரன். இனி இது யாருடைய விஷயம் என்று வாசகர்களே சொல்லட்டும்.

பழையவர்களுக்கு நினைவிருக்கும். 1954ல் டிராம்பேயில் ஸ்டான்வாக் கம்பெனியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. மறு ஆண்டே அதன் பக்கத்தில் பர்மா ஷெல் ஆலை வந்தது. 1974ல் முன்னதும் 1976ல் பின்னதும் மக்கள் சொத்தாயின. ஒன்று இந்துஸ்தான் பெட்ரோலியம், மற்றது பாரத் பெட்ரோலியம். அதே 1976ல், நெருக்கடி நிலையின் இருட்டில், அணுசக்தி நிலையத்துக்கு இடம் வேண்டும் என்று ஜனதா காலனியைப் பெயர்த்து, நம் மக்களை ஆயிரக்கணக்கில் சீட்டா கேம்பில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆலை முதலில் வந்ததா, நாம் முதலில் வந்தோமா என்று இன்றைக்குச் சட்டம் பேசுகிறவர்கள், நாம் எவர் கையால் அங்கே கொண்டுபோய்ப் போடப்பட்டோம் என்பதை மட்டும் பேச மாட்டார்கள்.

அந்தப் பழைய கதைதான் போகட்டும். 2015 டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், மாகுல், அம்பாபாடா பகுதிக் காற்றினால் அங்கே குடியிருப்போர் உடல்நலத்துக்கு அபாயம் இருக்கிறது என்று எழுத்தில் சொன்னது. அதற்குப் பிறகு நடந்தது என்ன? 2017 முதல் தான்சா குடிநீர்க் குழாயோரம் இருந்த குடும்பங்களின் குடிசைகளை இடித்து, அதே மாகுலுக்கு அனுப்பினார்கள்! அபாயம் என்று தீர்ப்பாயம் சொன்ன இடத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் அடைக்க எந்த அதிகாரியின் பேனா எழுதியது? 2019 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம், அங்கே இருக்க முடியாது என்போருக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகையும் 45,000 ரூபாய் முன்பணமும் கொடு என்று அரசுக்குச் சொல்ல வேண்டி வந்தது. வாடகை கேட்டு நின்றவர்களில் இருமாத ஆளே இல்லை.

சரி, மண்டிக்கு வருவோம்.

நம் தாய்மார்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்லெண்ணெய் வாங்கி வைத்தால் பாத்திரத்தின் அடியில் கறுப்பாகத் தங்குகிறதே, அந்தக் கசண்டை விளக்குக்கு விடுவோம், வண்டிச் சக்கரத்துக்குப் பூசுவோம். பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெய்க்கும் கசண்டு உண்டு. உலையில் சுமார் 350 டிகிரிக்குச் சூடாக்கிக் கோபுரத்தில் ஏற்றினால், மேலே எரிவாயு, அடுத்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் என்று அடுக்கடுக்காகப் பிரியும். பிரியாமல் அடியில் தங்குவதைக் காற்றை உறிஞ்சி எடுத்த இன்னொரு கோபுரத்தில் வைத்து மறுபடி காய்ச்சுவார்கள். அதற்கும் மசியாமல் கடைசியில் நிற்பதுதான் மண்டி. தார் போல இருக்கும். தார் ஆவதும் அதுதான். கச்சா எண்ணெயில் வந்த கந்தகத்திலும், நிக்கல், வனேடியம் போன்ற உலோகங்களிலும் பெரும்பங்கு இதில்தான் போய் ஒளிந்துகொள்ளும்.

கூட்ஸ் ஆபீசில் இருபது ஆண்டாக ரசீது போடும் நமக்கு எண்ணெயில் இரண்டே ஜாதிதான். பெட்ரோல், டீசல் எல்லாம் ஒயிட் ஆயில். பர்னஸ் ஆயில் வகையறா எல்லாம் பிளாக் ஆயில். ஒயிட் ஆயில் வாகனை எல்லோரும் மரியாதையாகப் பார்ப்பார்கள். பிளாக் ஆயிலோ குளிர்ந்தால் உறையும். நீராவி கொடுத்து உருக்கித்தான் இறக்க வேண்டும். கையில் பட்டால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் போகாது. இதை யார் வாங்குவார்கள் என்று ஆரம்பத்தில் நாம் வியந்ததுண்டு. உலகத்திலேயே பெரிய கிராக்கி காத்திருந்தது: கப்பல்காரன். நடுக்கடலில் எந்த இன்ஸ்பெக்டர் வந்து புகையைப் பார்க்கப் போகிறான்? மலிவாகக் கிடைத்ததை ஊற்றி எரித்தான். பல பத்தாண்டுகளாக உலகக் கப்பல் வாணிபம் ஓடியது எண்ணெய் ஆலைகளின் குப்பைத் தொட்டியை எரித்துத்தான்.

கணக்கைப் பாருங்கள். நாம் படித்தது பத்தாவதுதான். இந்தக் கணக்குக்கு அது போதும். பெரிய சரக்குக் கப்பல் ஒன்று ஒரே நாளில் 100 டன் எண்ணெய் எரிக்கும். 2019 முடியும் வரை அந்த எண்ணெயில் 3.5 விழுக்காடு கந்தகம் இருக்கலாம் என்று சர்வதேச விதியே அனுமதித்தது. அதாவது ஒரு நாளைக்கு 3,500 கிலோ கந்தகம். எரியும்போது அது இரண்டு மடங்கு எடையுள்ள கந்தக டைஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போகும், 7 டன். அதே 100 டன், இன்று நம் லாரிகளும் பஸ்களும் போடும் டீசலாக இருந்தால் அதில் இருக்கக்கூடிய கந்தகம் 1 கிலோ. ஆம், ஒரே ஒரு கிலோ! ஆட்டோ ஓட்டும் நம் ஆளிடம் புகைச் சான்றிதழ் இல்லை என்று பைன் போடுகிற நாட்டில், துறைமுகத்தில் நிற்கிற கப்பல் அதைப்போல் 3,500 மடங்கு எரித்தது. தீபாவளியன்று பட்டாசுப் புகையில் நெஞ்சை அடைக்கிறதே, அந்தக் கந்தகம்தான் இது. கரைக்கு வந்து நுண்துகளாகி நுரையீரலில் இறங்குவதால் ஆண்டுக்குச் சுமார் 60,000 பேர் அகால மரணம் அடைகிறார்கள் என்று 2007ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மாண்டவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பா, கிழக்காசியா, தெற்காசியா ஆகியவற்றின் கரையோரத்தார்.

ஆகவே 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் 0.50 விழுக்காட்டுக்கு மேல் கந்தகம் கூடாது என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு கொண்டுவந்த விதியை நாம் வரவேற்கிறோம். இதைத் தெளிவாகவே சொல்கிறோம். ஏனென்றால் “இது வெள்ளைக்காரன் சூழ்ச்சி, நம் ஆலைகளை முடக்கச் செய்த வேலை” என்று நம் மேடைகளிலேயே சிலர் முழங்கினார்கள். முழங்கியவர்களின் வீடு எந்த ஆலைக்குப் பக்கத்திலும் இல்லை. 3,500 கிலோ 500 கிலோ ஆனது, அது நல்லதுதான். சாலை டீசலோடு ஒப்பிட்டால் இன்னும் 500 மடங்கு. ஐரோப்பாவின் வடகடலிலும் அமெரிக்கக் கரையிலும் 2015 முதலே 0.10 விழுக்காடுதான் சட்டம். 2025 மே முதல் மத்தியதரைக் கடலுக்கும் அதே. நம் கரைக்கு அப்படி ஒரு வட்டம் போடப்படவில்லை. அங்கே ஒருவன் நுரையீரலுக்கு 0.10, இங்கே நமக்கு 0.50! இந்த வித்தியாசத்துக்கு எந்த விஞ்ஞானி கணக்குப் போட்டுக் கொடுத்தார் என்று கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

விதி வந்ததும் முதலாளிகள் என்ன செய்தார்கள்? எவனும் ஒரே நாளில் உத்தமனாகிவிடவில்லை. ஒரு கூட்டத்தார் பழைய அழுக்கு எண்ணெயையே வாங்கிக்கொண்டு, புகைபோக்கியில் ஒரு கழுவும் கருவியை மாட்டிக்கொண்டார்கள். கடல் நீரை அள்ளிப் புகையின் மேல் தெளிப்பது. கந்தகம் நீரில் கரையும். அந்த அமில நீரை அப்படியே கடலில் விடுவது. இதற்குப் பெயர் சுத்தமாம்! வானத்தில் துப்பியதைத் தண்ணீரில் துப்புகிறான், வேறென்ன? நாலாயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்களில் இந்தக் கருவி இருக்கிறது. சிங்கப்பூர் 2020ன் முதல் நாளிலிருந்தே தன் துறைமுக நீரில் இப்படிக் கொட்டக் கூடாது என்று தடுத்துவிட்டது. சிங்கப்பூர்க்காரனுக்குத் தெரிந்த மீனின் அருமை மற்ற இடத்தில் தெரியாமல் போவானேன்?

இன்னொரு கூட்டத்தார் கலப்படக்காரர்கள். மண்டியில் கந்தகம் குறைந்த இலேசான எண்ணெய்களைக் கலந்து, 0.50க்குள் வந்துவிட்டதா என்று மட்டும் பார்த்து விற்றார்கள். சட்டப்படி சரி. ஆனால் ஒரு துறைமுகத்துக் கலவையும் மறு துறைமுகத்துக் கலவையும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் சில நேரம் திரிந்துபோகும். பால் திரிவதுபோல் கசண்டு இறங்கி வடிகட்டியை அடைக்கும். அந்த எஞ்சின் அறையில் வடிகட்டியைக் கழற்றிச் சுரண்டுகிறவன் கேப்டன் அல்ல. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கடன் வாங்கிக் கோர்ஸ் முடித்து, ஆயிலராகவும் வைப்பராகவும் போகிற நம் பையன்.

இந்தப் புதுக் கலவை கடலில் கொட்டினால் சாதுவாக இருக்குமா? 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற கப்பல் மொரீஷியஸ் தீவின் பவளப் பாறையில் ஏறியது. சுமார் 1,000 டன் கொட்டியது. கொட்டியது இந்தக் கந்தகம் குறைந்த புதிய எண்ணெய்தான். மொரீஷியஸ் நமக்கு அந்நியமா? கரும்புத் தோட்டக் கூலிகளாய் நம் முன்னோர் கப்பலேறிய தீவல்லவா? அந்த மக்கள் காய்ந்த கரும்புச் சோகையைச் சாக்கில் அடைத்துத் தைத்து, மிதக்கும் தடுப்பாகக் கட்டி எண்ணெயை மறித்தார்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரில் இரண்டு கப்பல் மோதியபோது பார்த்தோமே, வாளியால் அள்ளினார்களே கடற்கரையில்! இங்கே பம்பாய் வாசலிலேயே 2010 ஆகஸ்டில் எம்.எஸ்.சி. சித்ரா மோதிச் சாய்ந்து எண்ணெய் பரவியது. 2025 மே மாதம் கொச்சிக்கு வெளியே மூழ்கிய கப்பலிலும் முந்நூறு டன்னுக்கு மேல் பர்னஸ் ஆயில் இருந்தது. கந்தகம் குறைந்தால் புகை குறையும்; கொட்டினால் ஒட்டுவது குறையாது. சுத்தமான எரிபொருள் என்று எழுதிய பலகையைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதுதான் நேரான வழி: மண்டியையே ஆலைக்குள் உடைத்துச் சுத்தம் செய்வது. கோக்கர் என்ற பீப்பாயில் 500 டிகிரிக்குக் கிட்ட வைத்து வறுத்தால் பாதிக்கு மேல் டீசல் வகையாகக் கழன்றுவரும், எஞ்சுவது கரிக்கட்டி. அல்லது ஹைட்ரஜன் வாயுவோடு சேர்த்து, 400 டிகிரிச் சூட்டில், 150 மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தத்தில் உடைப்பது. நம் வீட்டுக் குக்கரில் இருப்பது இரண்டு மடங்கு அழுத்தம். அதற்கே விசில் வேண்டியிருக்கிறது. விசாகப்பட்டினம் ஆலையை ஆண்டுக்கு 83 லட்சம் டன்னிலிருந்து 150 லட்சம் டன்னாக விரிக்கும் திட்டத்தில் இப்படி 35.5 லட்சம் டன் மண்டியை உடைக்கும் பிரிவைக் கட்டினார்கள். அதற்கான கலன்கள் ஒவ்வொன்றும் 2,000 டன் எடைக்கு மேல். இந்தியத் தொழிலாளி கையால் குஜராத்தில் செய்யப்பட்டவை. அதைக் கேட்டு நமக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. வெறும் கறுப்பை நல்ல எண்ணெயாக்கும் வித்தையை நாம் குறை சொல்ல வரவில்லை. ஹைட்ரஜன் ஒரு டன் செய்ய இயற்கை வாயுவை எரித்து 9 டன் அளவுக்குக் கரியமில வாயு விடுகிறார்கள் என்பது தனிச் சங்கதி; இன்னொரு நாள் பேசலாம்.

இன்று கேட்பது இது. கப்பலில் போகாமல் நின்ற அந்த 3,000 கிலோ கந்தகம் எங்கே போகிறது?

ஆலைக்குள்ளேயே நிற்கிறது. ஹைட்ரஜனோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு ஆகிறது. அழுகிய முட்டை நாற்றம். அந்த வாயுவைத் தனிப் பிரிவில் எரித்து மஞ்சள் கந்தகமாக உறையவைத்து உரக் கம்பெனிக்கு விற்பார்கள். அந்தப் பிரிவு ஒழுங்காக ஓடும்வரை சரி. அது நின்றுபோனால் வாயுவை உயர்ந்த குழாயின் உச்சியில் கொளுத்திவிட வேண்டியதுதான். இரவில் அந்தச் சுவாலை திடீரென்று உயர்ந்து எரிவதைக் குழந்தைகள் வேடிக்கை பார்க்கும். மறுநாள் காலையில் அதே குழந்தைகளுக்கு நெபுலைசர் வைக்க வரிசையில் நிற்போம். கடலில் நூறு மைலுக்கு அப்பால் எரிய வேண்டியது, கப்பல் சுத்தமான புண்ணியத்தில், நம் தலைக்கு மேல் எரிகிறது.

இந்த வாயுவின் குணம் ஒன்று உண்டு. ஆலைக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய்மார்கள் சொல்லி அனுப்ப வேண்டும். கொஞ்சமாக இருந்தால் நாறும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு வந்தால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிற நேரத்தில்தான் ஆள் விழுகிறான். 500, 1,000 என்று ஏறினால் சில மூச்சிலேயே விழுவான். காப்பாற்ற இறங்குகிறவனும் அவன் மேலேயே விழுவான்.

நாம் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து நம் சாலில் மாமன் வீட்டில் தங்கியிருந்த பையனை ஒரு முகாதம் வேலைக்குக் கூட்டிப்போனான். எண்ணெய் தேக்கும் தொட்டி ஒன்றின் அடி மண்டியை வாரும் வேலை. எந்த இடம், எந்தக் காண்ட்ராக்டர் என்று இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இறங்குவதற்கு முன் காற்றை அளக்கும் மீட்டர் வந்ததாகச் சொன்னார்கள். வந்ததைப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. பையன் விழுந்தான். கூட இருந்தவன், பீகார்க்காரன், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினான். இரண்டு பேரையும் கயிற்றில் கட்டி இழுத்தார்கள். பீகார்ப் பிள்ளை பிழைத்துக்கொண்டான். நம் பிள்ளை ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டவில்லை. வயது இருபத்திரண்டு.

ஊரிலிருந்து வந்த தாயார் நம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “அண்ணாச்சி, எம்புள்ள பேரு எந்த நோட்டுலயும் இல்லங்காகளே. அப்ப செத்துப் போனது யாரு?”

நாம் மஸ்டர் ரோலைப் பார்த்தோம். இல்லை. கேட் பாஸ் வேறொருவர் பெயரில் இருந்தது. கூட்ஸ் யார்டில் நிற்கும் துருப்பிடித்த டாங்க் வாகனுக்குக்கூட ஒரு எண் உண்டு. வெறும் எடை எவ்வளவு, கடைசியாக எந்தப் பட்டறையில் எந்தத் தேதியில் பழுது பார்த்தார்கள், மறுபடி எப்போது போக வேண்டும் எல்லாம் அதன் உடம்பிலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். தேதி தப்பினால் வாகனை ஓடவிட மாட்டோம். இந்த நாட்டில் ஒரு இரும்புப் பெட்டிக்கு உள்ள பிறப்புச் சான்று, அதனுள்ளே இறங்கிச் சுரண்டும் மனிதனுக்கு இல்லை.

காண்ட்ராக்டர் தனக்கு அப்படி ஒரு ஆளைத் தெரியாது என்றார். மேலே உள்ளவர்கள் அது காண்ட்ராக்டர் பொறுப்பு என்றார்கள். அப்போது நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டு நஷ்ட ஈட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, காண்ட்ராக்டர் ஆளாக இருந்தாலும் மூல முதலாளி ஈடு கட்ட வேண்டும் என்று சொல்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு லேபர் கமிஷனர் ஆபீசுக்கு லீவு போட்டு நடந்தோம். பீகார்ப் பிள்ளை சாட்சி சொல்ல வந்தான். வந்ததற்கு அவனுக்கு வேலை போயிற்று. தமிழன் தமிழன் என்று மேடையில் பேசும் நாம் இதையும் பதிவு செய்ய வேண்டும்: அன்று நமக்காக நின்றவன் அந்தப் பிள்ளைதான். முகாதம் நம் ஊர்க்காரன், நம் சங்கத்துக்குச் சந்தாகூடக் கட்டியிருந்தவன், சாட்சிக்கு வரவில்லை. பதினாலு மாதம் கழித்துத் தாயாருக்குப் பணம் வந்தது.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடப்புக்கு வந்துவிட்டன. முன்பு 20 ஆள் வைத்தாலே காண்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்க வேண்டும். இப்போது 50. நாற்பத்தொன்பது ஆளோடு ஒருவன், அடுத்த நாற்பத்தொன்பதோடு அவன் மைத்துனன் என்று பிரித்துக்கொள்ள இவர்களுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? தொட்டி வாருவது, கலனைத் திறப்பது, வேலை முடிந்த வினையூக்கியை அள்ளுவது போன்ற ஆபத்தான வேலையெல்லாம் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் சில வாரங்களில்தான் நடக்கிறது. அந்தச் சில வாரங்களுக்குத்தான் ஊரிலிருந்து ஆள் இறக்குகிறார்கள். அந்த வினையூக்கி காற்றுப் பட்டால் தானே தீப்பிடிக்கும். அதற்காகக் கலனுக்குள் நைட்ரஜனை நிரப்பி வைப்பார்கள். நைட்ரஜனுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. மூச்சுக் குழாய் நழுவினால் இரண்டே மூச்சு. மண்டியை உடைக்கும் பிரிவுகள் பெருகப் பெருக இந்த வேலையும் பெருகும். கப்பல் சுத்தமாவதன் கூலி யார் வீட்டில் வசூலாகிறது பார்த்தீர்களா?

இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் நமக்கு அடி விழுகிறது. படித்த நண்பர்கள் சிலர், ஆலையையே மூடு என்கிறார்கள். மூடினால் அந்த இடத்தில் பூங்கா வருமா, நாற்பது மாடிக் கோபுரம் வருமா என்று பம்பாயில் மில்கள் போன வழியைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆட்களில் சிலரோ, “வாயைத் திறக்காதீர்கள், பாஸ் கிடைக்காமல் போய்விடும், அடுப்பில் பூனை தூங்கும்” என்கிறார்கள். இவர்கள் பேச்சை நாம் அலட்சியமாகத் தள்ள மாட்டோம். இவர்களுக்கு வீட்டில் அரிசி வேண்டும். ஆனால் பாஸ் வாங்கிக்கொடுத்து மாரடைப்பு என்று சான்றிதழ் எழுதி அனுப்புகிற வேலை எவ்வளவு நாள் அரிசி போடும்? 1997 செப்டம்பர் 14 அன்று விசாகப்பட்டினம் ஆலையில் எரிவாயு பற்றி வெடித்தபோது சுமார் 60 பேர் மாண்டார்கள். அன்று வாயை மூடியிருந்தவன், பேசியவன் என்று தீ பிரித்துப் பார்க்கவில்லை.

கப்பல் வேண்டாம் என்ற எண்ணெய் நாட்டுக்குள் எங்கே எரிகிறது என்பதையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. 2017ல் உச்ச நீதிமன்றம் டில்லியைச் சுற்றியுள்ள அரியானா, உத்தரப் பிரதேசம், இராஜஸ்தான் மாநிலங்களில் பர்னஸ் ஆயிலையும் பெட்ரோலியக் கரியையும் எரிக்கத் தடை போட்டது. பிறகு சிமெண்டு, சுண்ணாம்புச் சூளைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். சிமெண்டுச் சூளையில் கந்தகத்தின் பெரும்பகுதியைச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்ளும். அதில் நியாயம் உண்டு. சாயப்பட்டறைப் பாய்லரில் எதைக் கொண்டு பிடிப்பான்? நீதிபதிகளும் மந்திரிகளும் மூச்சு விடும் ஊருக்கு ஒரு சட்டம், பட்டறை வாசலில் பாய் விரித்துப் படுக்கும் நமக்கு ஒரு சட்டமா?

நாம் கேட்பதில் அதிகம் ஒன்றுமில்லை. கந்தகம் பிடிக்கும் பிரிவு நின்றால் மண்டி உடைக்கும் பிரிவும் அதே மணியில் நிற்க வேண்டும். சுவாலையில் கொளுத்திக்கொண்டே உற்பத்தி நடத்தக் கூடாது. எத்தனை மணி நேரம் நின்றது, எவ்வளவு கொளுத்தினார்கள் என்று ஆலை வாசலில் மராட்டியிலும் இந்தியிலும் தமிழிலும் தினமும் பலகையில் எழுத வேண்டும். தொட்டியிலும் கலனிலும் இறங்குகிற ஒவ்வொருவன் பெயரும், காண்ட்ராக்டர் எவனாக இருந்தாலும், ஆலையின் சொந்த நோட்டில் ஏற வேண்டும்; காற்றை அளந்த மீட்டர் எண்ணும் நேரமும் அதே வரியில் எழுதப்பட்டு, இறங்குகிறவன் கையெழுத்தோ ரேகையோ வாங்கிய பிறகே ஏணி வைக்க வேண்டும். கழுவிய அமில நீரைக் கரையோரம் கொட்டும் கப்பலைத் துறைமுகத்துக்குள் விடக் கூடாது. நம் கரைக்கும் 0.10 விழுக்காடு என்று வட்டம் போட டில்லி கேட்க வேண்டும். பொதுத்துறை என்றால் பொதுமக்களுக்குக் கணக்குச் சொல்லும் துறை என்றுதான் நாம் படித்தோம். தனியார் தேக்கத் தொட்டிக்காரர்களுக்கும் அதே நோட்டு, அதே மீட்டர்தான்.

மனு தயாராகிவிட்டது. தொழிற்சாலைப் பாதுகாப்பு இயக்குநரகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இரண்டு நகல். மராட்டியில் எழுதிக் கொடுத்த பக்கத்துச் சால் நண்பருக்கு நன்றி. மூத்த உறுப்பினர்தான் முதல் கையெழுத்து. வருகிற இரண்டாம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க அலுவலகத்தில் கூடுகிறோம். பழுதுபார்ப்பு வேலைக்குப் போனவர்கள், போகப் போகிறவர்கள் கேட் பாஸ், சம்பளச் சீட்டு எது இருந்தாலும் நகல் எடுத்துக்கொண்டு வாருங்கள். வேறொருவர் பெயரில் பாஸ் கொடுத்திருந்தால் பயப்படாமல் அதையும் கொண்டுவாருங்கள். பெயரை மறைத்துத்தான் மனுவில் சேர்ப்போம். பாஸே இல்லாதவர்கள் காண்ட்ராக்டர் பெயரையும், உள்ளே போன கேட் எண்ணையும், தேதியையும் ஒரு தாளில் குறித்து வந்தால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு நாம் எழுதிக் கொடுக்கிறோம். பீகார், ஒரிசா நண்பர்களையும் அழைத்து வாருங்கள். இந்தி தெரிந்த தோழர் ஒருவர் இருப்பார். அன்று மாலை லோக்கல் மெகா பிளாக் இருக்கும். கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள்.